மெழுகில் நிறுத்திய படிகம்

மயிலாடி
12 பிப்ரவரி 2024

சபிதா அவர்களுக்கு,

ஸ்மைலினின் அப்பா ஞானையன் எழுதுகிறேன். அவன் சாமான்களை வைத்து பிரான்சிலிருந்து நீங்கள் அனுப்பிய பெட்டி போன வாரம் வந்தது. ஸ்வெட்டர், பைபிள், ஷூ, ஒரு இட்லித் தட்டு. அந்தத் தட்டைத் தன் தங்கச்சிதான் எடுத்துப் போய்விட்டாள் என்று நினைத்து அவன் அம்மா ராகேல் இரண்டு வருஷமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

போனில் பேசலாமே என்று இளையவன் ஜெனின் சொல்கிறான். எனக்கு வேண்டாம். ஸ்மைலின் போன் பண்ணும்போதெல்லாம் பின்னால் உங்கள் குரல் கேட்கும். இப்போது உங்கள் குரல் கேட்டால் முன்னால் அவன் குரல் வரும் என்று காது காத்திருக்கும். காகிதம் போதும். தபால் மெதுவாக வரட்டும், இங்கே யாருக்கும் அவசரம் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து நான்காம் நாள் காலையில், லீவுக்கு வந்திருந்தவன் படுக்கையிலிருந்து எழும்பவில்லை. முப்பத்திமூன்று வயசு. ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்றார்கள். நான் ஒருத்தன் வாசலில் நின்று மறித்தேன். பெரிய ஆட்களைப் பிடித்துப் பேசி, முழுசாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ராகேல் மட்டும் தினமும் ஒரே பேச்சு: "அந்த யுரேனியந்தான் எம்பிள்ளைய தின்னுட்டு." நீங்களும் அதைத்தான் தொடுகிறீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடக்கத்துக்கு உங்கள் லாபிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒரு மலர்வளையத்தோடு முடித்துவிட்டீர்கள். இருக்கட்டும்.

ஒரு காரியம் வேண்டும். வருஷ நினைவு ஜெபத்துக்குக் கல்லறையில் கல் வைக்கிறோம். எங்கள் ஊரில் கல்லுக்கா பஞ்சம்? அதில் அவன் கண்டுபிடித்த அந்த இரண்டு மேட்டுக் கோட்டுப்படத்தைச் செதுக்க வேண்டும். அவன் கட்டுரையில் முதல் படம். அதைப் பெரிதாகவும் தெளிவாகவும் அனுப்புங்கள். அவன் வளர்த்த அந்தப் படிகத்தையும் அனுப்ப முடியுமானால் ராகேல் ஒருதரம் கையில் வைத்துப் பார்ப்பாள்.

உங்கள் போட்டோவை அவன் போனில் பார்த்துவிட்டு ராகேல் ஒரு கேள்வி கேட்டாள். அதை நான் எழுதவில்லை.

இப்படிக்கு
ஞானையன்


அய்யா துணை

கிரெநோபிள், பிரான்ஸ்
2 மார்ச் 2024

அன்புள்ள அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நான்கு நாள் அலைந்தேன். அடக்கத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். டிக்கெட் பார்த்தேன், கிளம்பவில்லை. அவனைப் பெட்டிக்குள் பார்க்கத் தைரியம் இல்லை. இதைவிட நல்ல காரணம் என்னிடம் கிடையாது.

ஆன்ட்டி கேட்ட, நீங்கள் எழுதாத கேள்விக்குப் பதில்: இல்லை. கூட வேலை பார்த்தவன், அவ்வளவுதான். மயிலாடிக்காரனும் சாமித்தோப்புக்காரியும் இத்தனை தூரம் தாண்டி வந்து ஒரே அறையில் மாட்டிக்கொண்டோம். அவன் படிகம் வளர்ப்பான், நான் அதைக் குளிரவைத்து அளப்பேன். தினமும் சண்டை போடுவோம். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் அதற்கே இந்தப் பாடு படுகிறேன்.

யுரேனியம் பற்றி ஆன்ட்டியிடம் சொல்லுங்கள். நாங்கள் தொடுவது வீரியத்தை எடுத்துவிட்டு மிச்சம் வைத்த யுரேனியம். கையுறை போட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள்தான் வேலை. சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம், கதிர் பட்டால் அது காட்டிக்கொடுத்துவிடும். நான்கு வருஷத்தில் அவன் பேட்ஜ் ஒருமுறைகூட எதையும் காட்டவில்லை. அதனால் அவன் போகவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். வேறு எதனால் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

படிகத்தை அனுப்பச் சட்டம் விடாது. ஆன்ட்டியிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு, ஒரு பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கும்.

படத்தை நான் அனுப்பவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

உங்கள் கடையில் விற்கிற செம்புக் கம்பியில் கரண்ட் ஓடினால் கம்பி சுடும் இல்லையா? சில பொருள்களைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோனால் சூடே இல்லாமல், தடையே இல்லாமல் கரண்ட் ஓடும். அதை மீகடத்தல் என்போம். காந்தத்துக்கும் அதற்கும் பொதுவாக ஆகாது, காந்தம் வந்தால் அது கெட்டுப்போகும். ஆனால் சில யுரேனியக் கலவைகளுக்குள் எலக்ட்ரான்கள் நூறு மடங்கு கனத்துப்போனதுபோல் நகரும். அங்கே இந்த இரண்டு விரோதிகளும் ஒரே வீட்டில் குடியிருப்பதுண்டு. ஸ்மைலினின் படிகம் அந்த மாதிரி என்பதற்கு அந்த இரண்டு மேடுகள்தான் சாட்சி. குளிரக் குளிர முதலில் ஒரு மாற்றம், இன்னும் குளிர்ந்ததும் இரண்டாவது மாற்றம்; மாற்றத்துக்கு ஒரு மேடு. மீகடத்தலுக்குள்ளேயே காந்தம் பிறக்கிறது என்று எழுதினோம். உலகமே திரும்பிப் பார்த்தது.

போன வருஷம் வேறு இரண்டு லாபுகள் இன்னும் சுத்தமான படிகம் வளர்த்தார்கள். அவர்களுக்கு ஒரு மேடுதான் வந்தது. ஒருவேளை நம் படிகத்தின் ஒரு பாதி ஒரு விதமாகவும் மறுபாதி சற்று வேறு விதமாகவும் வளர்ந்திருக்கலாம். அப்படியானால் அது இரண்டு மாற்றம் இல்லை, ஒட்டிப் பிறந்த இரண்டு படிகம். தெரிந்துகொள்ள ஒரே வழி அதை இரண்டாக வெட்டி, தனித்தனியே அளப்பது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மேடும் இருந்தால் அவன் சொன்னது சரி. துண்டுக்கு ஒன்று என்றால் தவறு.

எங்கள் தலைவர் என்னை வெட்டச் சொல்கிறார். காகிதத்தில் தப்பு வந்தால் அடுத்த காகிதத்தில் திருத்தலாம். கல்லில் என்ன செய்வது? கொஞ்சம் பொறுங்கள்.

சபிதா


மயிலாடி
25 மார்ச் 2024

சபிதாவுக்கு,

நீ படம் அனுப்பாவிட்டால் எனக்குப் படம் கிடைக்காதா? ஜெனின் நெட்டில் எடுத்துப் பெரிதாக அடித்துக் கொண்டுவந்துவிட்டான். உன் கடிதம் வருவதற்கு முன்பே பொன்னுலிங்கத்தின் பட்டறையில் கல்லைக் கிடத்தியாகிவிட்டது. சாமி சிலையாகச் செதுக்கித் தள்ளுகிற ஆள், படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்ன மலையா? உச்சியில கோயிலு வரணுமா?"

"மலை இல்லடே. எம்மவன் கண்டுபிடிச்சது."

"இதுக்கு என்ன பேரு?"

"எனக்கும் தெரியாது. நீ செதுக்கு."

செதுக்கிவிட்டான். இரண்டு மேடும் விரலால் தடவினால் தெரிகிற மாதிரி, அழகாக. நான் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மேசையில் உன் கடிதம் கிடக்கிறது.

நீ என்ன பிள்ளை? செத்து மூன்று மாசம் ஆகவில்லை, அதற்குள் அவன் தப்புப் பண்ணினானா என்று பார்க்க வேண்டுமா? உயிரோடு இருந்தால் எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருப்பான். பேச வாயில்லாதவனிடம் என்ன வழக்கு?

வெட்டினால்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். உங்களுக்கெல்லாம் வேறு வழியே தெரியாதா? அவன் உடம்பில் கத்தி படவிடவில்லை. அவன் கையால் வளர்த்ததிலும் படவிட மாட்டேன். இது சட்டப்படி உங்கள் லாபின் சொத்தாக இருக்கலாம். நான் அப்பன். நான் சொல்கிறேன், வெட்டாதே.

ராகேல் உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அரிசியைவிடப் பெரிது என்று இருந்த இடத்தை மட்டும் இரண்டாந்தரம் படித்தாள்.

ஞானையன்


அய்யா துணை

கிரெநோபிள்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அங்கிளுக்கு,

வெட்டமாட்டேன். நீங்கள் சரி என்று சொல்லும் வரைக்கும் தொடமாட்டேன். தலைவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் வெள்ளைக்காரர், எதற்கு ஒரு தகப்பனிடம் அனுமதி கேட்கிறாய் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு, வருஷக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு நான் சொன்னாலும் கேட்க மாட்டார்.

நீங்கள் என்னைத் திட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை. இல்லை, வருத்தம்தான். பேச வாயில்லாதவன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் அவன் பேசியதை எழுதுகிறேன். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் உங்களை வற்புறுத்துகிறமாதிரி ஆகிவிடுமோ என்று விட்டேன்.

வெட்டாதே என்ற உங்கள் கடிதம் வந்த அன்று படிகத்தைப் பத்திரமாக உள்ளே வைக்கலாம் என்று அவன் டப்பாவைத் திறந்தேன். காலியாக இருந்தது. உயிர் போய்விட்டது எனக்கு. அறை முழுக்கத் தேடினேன். கடைசியில் வெட்டுகிற கருவியின் பக்கத்தில், கண்ணாடி மூடிக்கு அடியில் இருந்தது.

படிகத்தை வெட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன உலோகத் தாங்கியில் மெழுகை உருக்கி அதில் நிறுத்துவோம். பிறகு எக்ஸ்ரே வைத்துத் திசை பார்த்து, மயிரிழை சாயாமல் திருப்புவோம். அது ஒரு நாள் வேலை, பொறுமை வேண்டும். எனக்கு அது வராது, அவனுக்கு வரும். படிகம் அப்படி மெழுகில் நின்றுகொண்டிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். நடுவில் ஒரு மெல்லிய கோடு கீறியிருக்கிறான். வெட்ட வேண்டிய இடம்.

அங்கிள், அவனே வெட்டத்தான் இருந்தான். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு மாசம் தள்ளிப்போட்டான். ஊருக்குக் கிளம்புகிற அன்று, எப்போதான் வெட்டுவாய் என்று கேட்டேன். "ஏட்டி, பண்டிகை கழியட்டு. அம்மைக்க கேக்கு தின்னுட்டு வந்து தோத்துக்கிடுகேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இதைச் சொல்லி உங்கள் மனசை மாற்றப் பார்க்கவில்லை. மெழுகோடு அப்படியே எடுத்து உலர்ந்த பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆன்ட்டிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சபிதா


மயிலாடி
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சபிதாவுக்கு,

நான்கு மாசமாக நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தக் கேக்கு வந்து நிற்கும். அவன் தின்றான், இரண்டு துண்டு. தோற்கப் போகிற முகமாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு என்ன தெரிந்தது?

போன மாசம் ஜெனின் பந்து விளையாடப் போன இடத்தில் விழுந்துவிட்டான். கூட விளையாடின பெர்லின் என்ற பையன் அவனை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோயிருக்கிறான். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என்னத்தைச் சொல்ல, அந்த வெப்ராளத்தில், பதறிப்போய், ஸ்மைலின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவன் கண்ணைத் திறந்து, "நான் ஜெனினாக்கும்ப்பா" என்றான்.

திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பண்ணின டாக்டர் சின்ன வயசுப் பெண், உன் வயசுதான் இருக்கும். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, குடும்ப வழியாக வருகிற கோளாறு மாதிரி இருக்கிறது என்றாள். வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்தார்களா என்று கேட்டாள். மூத்தவன் என்றேன்.

"அவரோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கொண்டுவந்திருக்கீங்களா?"

நான் ராகேலைப் பார்த்தேன். ராகேல் சுவரைப் பார்த்தாள். "பண்ணலை" என்றேன். "ஏன்?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த ரிப்போர்ட் இருந்திருந்தால் ஜனவரியிலேயே இவனைப் பரிசோதித்திருக்கலாமாம். விழுகிறவரை விட்டிருக்க வேண்டாமாம். ஆறு மாசம் அவன் மைதானத்தில் ஓடிக்கொண்டு இருந்திருக்கிறான், நான் முழுசாகக் கொண்டுவந்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். இதயம் தாளம் தப்பினால் அது தட்டி எழுப்புமாம். பெரிய காந்தம் இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்றார்கள். அண்ணன் வேலை பார்த்த லாபை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இனி அவனுக்கு அது இல்லை.

எங்கள் இரண்டு பேரையும் பரிசோதித்தார்கள். ராகேலுக்கு ஒன்றும் இல்லை. என் இதயச் சுவரும் தடிப்புத்தான். எனக்கு அறுபத்தாறு வயசு வரைக்கும் ஒன்றும் பண்ணாமல் இருந்துவிட்டு, பிள்ளைகளிடம் போய் வேலையைக் காட்டியிருக்கிறது. மூத்தவனுக்கும் இதுதானாயிருக்கும் என்கிறார்கள். நிச்சயமாகச் சொல்ல முடியாது. சொல்ல இருந்த ஒரே வழியை நான் மறித்துவிட்டேன்.

வெட்டு, மக்களே, என் பிள்ளையே. அவன் கோடு போட்ட இடத்திலேயே வெட்டு. எது வந்தாலும் மறைக்காமல் எழுது.

ஞானையன்


அய்யா துணை

கிரெநோபிள்
11 அக்டோபர் 2024

அன்புள்ள அங்கிளுக்கு,

ஜெனின் எப்படி இருக்கிறான்? அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். லாபின் ஒவ்வொரு மூலையையும் வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். அண்ணன் மேசையையும் எடுத்திருக்கிறேன், யாரும் இன்னும் கலைக்கவில்லை.

போன மாசம் வெட்டினேன். மெழுகை மாற்றவில்லை, அவன் நிறுத்தியபடியே கருவியில் ஏற்றினேன். திசையை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தேன். ஒரு இழைகூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. மெல்லிய கம்பி ஒன்று முன்னும் பின்னும் ஓடி மெதுவாக அறுக்கும். நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். பாதியில் நிறுத்திவிடலாமா என்று இரண்டு தடவை கை போனது. முடிந்தபோது இரண்டு துண்டும் சத்தமில்லாமல் பிரிந்தன. எனக்கு அழுகை வந்தது. கையுறையோடு கண்ணைத் துடைக்கக் கூடாது, அப்படியே நின்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் குளிரவைத்து அளந்தேன். இரண்டு வாரம் ஆயிற்று.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். முதல் துண்டில் ஒரு மேடு. இரண்டாவது துண்டில் ஒரு மேடு, கொஞ்சம் அதிகக் குளிரில். இரண்டையும் காகிதத்தில் ஒன்றாகக் கூட்டினால் அவனுடைய பழைய படம் அச்சாக வந்துவிடுகிறது. அவன் சொன்னது தவறு, அங்கிள். அது ஒரு படிகம் இல்லை, ஒட்டிப் பிறந்த இரண்டு. அளவில் பிழை இல்லை. அந்தப் படிகம் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறது, அளந்த என்னையும் சேர்த்து.

திருத்தக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பெயர் அவனுடையதுதான். திசை பார்த்தது, கோடு போட்டது, யோசித்தது எல்லாம் அவன். இறந்தவர் பெயரை முதலில் போடலாமா என்று தலைவர் யோசித்தார். மெழுகில் நின்ற படிகத்தின் போட்டோவைக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்.

கல்லை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அதை எடுத்துவிடுவீர்களா? நானே முதலில் வேறு ஏதாவது படம் அனுப்பி, அதைச் செதுக்கச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. எனக்காக ஜெபியுங்கள்.

சபிதா


மயிலாடி
1 ஜனவரி 2025

அன்பு மகள் சபிதாவுக்கு,

புது வருஷ வாழ்த்து சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நன்றாக இரு.

உன் கடிதத்தின் தலையில் உங்கள் சாமித்தோப்பு அய்யா துணை, வாலில் எங்களைப்போல் எனக்காக ஜெபியுங்கள். "ரெண்டு பக்கமும் சொல்லி வச்சிருக்கா, கெட்டிக்காரி" என்று ராகேல் சிரித்தாள். ஒரு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அதனால் எழுதுகிறேன்.

அவள் இப்போது யுரேனியத்தைத் திட்டுவதில்லை. என்னையும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாத்திரை எடுத்துத் தருகிறாள், தண்ணீர் வைக்கிறாள். திட்டினால் கொள்ளாம், நல்லது என்று இருக்கிறது. ஜெனின் பந்தைப் பரணில் தூக்கிப்போட்டுவிட்டான். சாயங்காலம் மைதானத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து விசில் ஊதுகிறான்.

உன் கடிதம் வந்த மறுநாள் பொன்னுலிங்கத்திடம் போனேன். தப்பாகிவிட்டது என்று சொன்னேன். "அதுக்கு என்ன அண்ணாச்சி, ஒரு நூல் கனம் தேய்ச்சு எறக்கினா படம் போயி கல்லு வெளுத்துரும். சிலுவை போட்டுத் தாறேன்" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் ராகேலிடம் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, "தேய்க்காண்டாம்" என்றாள்.

"தப்புன்னு அந்தப் பிள்ளையே எழுதிட்டாளே."

"அவன் கண்டது ரெண்டுதான. அது இருக்கட்டு. அவன் போட்ட கோட்டையும் போடச் சொல்லுங்க."

மறுபடியும் பட்டறைக்குப் போனேன். இரண்டு மேட்டுக்கும் நடுவில், மேலேயிருந்து கீழே, நேராக ஒரு கோடு. மெல்லிசாகத்தான் வேண்டும் என்றேன். மெல்லிசாகப் போடுவதுதான் கஷ்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டான். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன். நீ அங்கே நின்றதாக எழுதியிருந்தாயே, அப்படி.

இருபத்தொன்பதாம் தேதி ஜெபம் நடந்தது. உன் அம்மா முத்துக்கனி சாமித்தோப்பிலிருந்து ஒரு குலை பழத்தோடு வந்திருந்தாள், ராகேல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் கல்லைப் பார்த்துவிட்டு, இந்தப் படம் என்ன என்று கேட்டார். மேடு இரண்டும் அவன் கண்டது, கோடு அதை அவனே சந்தேகப்பட்டது என்று சொன்னேன். அவருக்கு விளங்கியதா தெரியவில்லை. ஜெபத்தைத் தொடங்கினார்.

எனக்கு ஒன்று ஆனால் வெட்டிப் பார்க்க வேண்டும், யாரும் மறிக்கக் கூடாது என்று ஜெனினிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நாளைக்கு அவனுக்குப் பிள்ளைகள் வரும்.

கல்லில் மேலே அவன் பெயர், பிறகு தேதிகள், பிறகு படம். அதற்குக் கீழே எங்கள் வழக்கப்படி தாய் தகப்பன் பெயர் வர வேண்டும். பட்டறையில் அன்று பொன்னுலிங்கம் அளந்து பார்த்தால், கோடு நேராக வந்து என் பெயரின் தலையில் முட்டுகிறது. பார்க்க நன்றாக இல்லை, பெயரைக் கொஞ்சம் தள்ளிப் போடவா அண்ணாச்சி என்று கேட்டான். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா
ஞானையன்